போலிக் கஷாயம்

மாத்திரைக்குப் போலி செய்வது சுலபம். மாவையோ சர்க்கரையையோ அச்சில் அழுத்தி, அசலின் நிறத்தைப் பூசிவிட்டால் முடிந்தது. கஷாயத்துக்குப் போலி செய்து பாருங்கள், அப்போது தெரியும். அது கசக்க வேண்டும், துவர்க்கவும் வேண்டும். கறுத்துக் கலங்கியிருக்க வேண்டும். மூடியைத் திறந்தால் வைத்தியசாலை வாசம் வர வேண்டும். எல்லாம் இருந்து, மருந்து மட்டும் இருக்கக் கூடாது. சின்ன வயதிலிருந்து சுக்கும் திப்பிலியும் குடித்துப் பழகிய கொங்கு நாட்டுக்காரரின் நாக்கை அது ஏமாற்ற வேண்டும்.

2000களில் கோயம்புத்தூரில் நடந்த ஒரு மருத்துவ ஆய்வுக்கு இந்த வேலை தேவைப்பட்டது. முடக்குவாதம், கிராமத்தில் சரவாங்கி என்பார்களே, அந்த நோய்க்கு ஆயுர்வேத மருந்து எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதை, மேற்கத்திய மருத்துவ உலகம் ஏற்கும் மிகக் கடுமையான முறையில் அளந்து பார்ப்பதே நோக்கம். அமெரிக்க அரசின் தேசிய சுகாதாரக் கழகங்களில் மாற்று மருத்துவத்துக்கென இருந்த மையம் பணம் கொடுத்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்து மூட்டுநோய் நிபுணர் டேனியல் ஃபர்ஸ்ட் ஆய்வின் முதன்மை ஆசிரியர். கோவைப் பக்கம் நின்றவர்கள் ஆரிய வைத்திய பார்மசியின் பி.ஆர். கிருஷ்ணகுமாரும் ஆயுர்வேத ஆய்வாளர் பி. ராம் மனோகரும் அவர்களுடைய சக மருத்துவர்களும். திருச்சி சாலை ராமநாதபுரத்தைக் கடந்து போகிற பலருக்கு அந்த நிறுவனம் தன்வந்திரி கோயிலும் தைலக் கடையும்தான். மருத்துவ ஆய்வு வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு என்பது உள்ளூரிலேயே அதிகம் பேசப்படவில்லை.

கதையைப் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து தொடங்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை வாய் திறந்து வழிவிடும் இடம் அது. காற்றும் மழையும் அதன் வழியாகத்தான் கோவைக்கு வருகின்றன. வைத்தியர்களும் அப்படித்தான் வந்தார்கள். 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரியும்வரை மலபார் மாவட்டமும் கோயம்புத்தூர் மாவட்டமும் ஒரே சென்னை மாகாணத்துக்குள் இருந்தன. கோட்டக்கல்லில் கற்றவர் கோவையில் தொழில் தொடங்குவது அன்றைக்கு வெளிமாநிலப் பயணம் ஆகவில்லை. பக்கத்து மாவட்டத்துக்குக் கடை மாற்றுவதுதான்.

கோட்டக்கல்லில் பி.எஸ். வாரியர் 1902இல் ஆரிய வைத்திய சாலையைத் தொடங்கியிருந்தார். மரபான அஷ்டாங்க ஹிருதயக் கல்வியோடு, வர்கீஸ் என்ற மருத்துவரிடம் ஆங்கில மருத்துவத்தையும் அவர் பயின்றவர். வீட்டில் விறகு மூட்டி நாழிக்கணக்காகக் காய்ச்ச வேண்டியிருந்த கஷாயத்தைத் தொழிற்சாலையில் செய்து புட்டியில் அடைத்து விற்க முடியும் என்று காட்டியது அவருடைய பெரிய காரியம். வைத்தியம் கைவேலையாக இருந்த இடத்தில் உற்பத்தி வந்தது. உற்பத்தி வந்தால் அளவு வரும். அளவு வந்தால், ஒரு நாள் இல்லாவிட்டாலும் ஒரு நாள், சோதனை வரும்.

அந்த மரபிலிருந்து வந்தவர் ஆரிய வைத்தியன் பி.வி. ராம வாரியர். 1943இல், உலகப் போரின் நடுவில், கோவையில் ஆரிய வைத்திய பார்மசியை அவர் தொடங்கினார். இடம் பார்த்துத்தான் தொடங்கியிருக்கிறார். 1888இல் முதல் நூற்பாலை வந்த ஊர் அது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கையில் கூலி புழங்கும் தொழிலாளர்களும், தர்ம காரியத்துக்குப் பணம் எடுத்து வைக்கும் ஆலை முதலாளிகளும் ஒரே ஊரில் கிடைத்தார்கள். ஊரில் ஏற்கெனவே வைத்தியத்துக்குப் பஞ்சம் இல்லை. மருதமலையில் பாம்பாட்டிச் சித்தரையும் காங்கயம் பக்கத்து ஊதியூரில் கொங்கணரையும் கும்பிடுகிற மண். எலும்பு முறிந்தால் கட்டு வைத்தியர், மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி, டவுன்ஹால் பக்கத்துக் கடைகளில் நாட்டு மருந்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல் இருந்தது. மலையாள வைத்தியம் இன்னொரு வாசலாகச் சேர்ந்துகொண்டது. கொங்கு மக்கள் மருத்துவத்தில் கட்சி கட்டுவதில்லை. எது கேட்கிறதோ அதைச் சாப்பிடுவார்கள். கேட்காவிட்டால் அடுத்த வாசலுக்குப் போவார்கள்.

ஆனால் அளந்து பார்க்கும் பழக்கம் வேறு துறைகளில் இந்த ஊருக்கு முன்பே வந்துவிட்டது. கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912இல் இங்கே தொடங்கியது. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் நாட்டு நாணல் வகையையும் கரும்பையும் கலந்து உருவாக்கிய 'கோ' ரகங்கள் வட இந்திய வயல்களை மாற்றின. ஒரு ரகம் மற்றொன்றைவிட மேல் என்று சொல்ல வாய் போதாது. பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் நட்டு எடை போட வேண்டும். 1956இல் வந்த தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் நூலுக்கு அதையே செய்தது. குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் சோதனையே வயலில் பிறந்ததுதான்: இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டெட் பண்ணையில் 1920களில் ரொனால்ட் ஃபிஷர் பயிர்ப் பாத்திகளை வைத்து வகுத்த கணக்கை, 1948இல் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் மருத்துவர்கள் மனிதர்களுக்குக் கொண்டுவந்தார்கள். அது தமிழ்நாட்டுக்கும் சீக்கிரமே வந்தது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மையம், நோயாளியை ஆரோக்கிய நிலையத்தில் வைத்துக் குணப்படுத்துவதும் வீட்டிலேயே மருந்து கொடுப்பதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன என்று குலுக்கல் முறை ஆய்வால் காட்டி, 1959இல் உலகத்தின் காசநோய்ச் சிகிச்சையைத் திருப்பிப் போட்டது.

இத்தனை நடந்தும் நாட்டு மருத்துவம் மட்டும் அந்தத் தராசில் ஏறாமலே இருந்தது. முயற்சி இல்லாமல் போகவில்லை. நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், 1921இல், முகமது உஸ்மான் தலைமையில் சென்னை அரசு ஒரு குழு அமைத்தது. அதன் செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி, ஆங்கில மருத்துவப் பட்டதாரி. 1923இல் அறிக்கை வந்தது. 1925இல் ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றையும் நவீன உடற்கூறியலோடு சேர்த்துக் கற்பிக்கும் இந்திய மருத்துவப் பள்ளி சென்னையில் திறந்தது. சீனிவாசமூர்த்தியே முதல்வர். இரண்டு மருத்துவத்தையும் ஒரே மாணவர் தலையில் ஏற்றினால் இணைப்பு தானாக நடந்துவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. அந்தக் கல்லூரி கடைசியில் 1960இல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாக, முழுக்க ஆங்கில மருத்துவத்துக்கே மாறிப்போனது. பாடத்திட்டத்தில் இணைத்தார்கள், ஆய்வில் இணைக்கவில்லை. தோல்விக்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

அதே காலத்துச் சென்னையில் இன்னொருவர் இருந்தார். அவரைச் சொல்லாமல் கோவைக் கதையை முடிக்க முடியாது. பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானவர். முழுப் பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அரசு மருத்துவப் பணியும் கிடைக்கவில்லை. அவருக்கு வேலை கொடுத்தது அசண்ட லட்சுமிபதியின் சென்னை ஆயுர்வேதக் கல்லூரி. அங்கே உடற்கூறியல் ஆசிரியராக இருந்துகொண்டே ஆயுர்வேதத்தை நவீன அடிப்படையில் ஆராய ஆசைப்பட்டார். 1920களின் தொடக்கத்தில் சுப்பாராவ் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். லெடர்லே ஆய்வகத்தில் அவர் தலைமையில் நடந்த ஃபோலிக் அமில ஆராய்ச்சியிலிருந்து பிறந்த மருந்துகளில் ஒன்று மெத்தோட்ரெக்சேட். முதலில் இரத்தப் புற்றுநோய்க்கு. பல ஆண்டுகள் கழித்து, குறைந்த அளவில், முடக்குவாதத்துக்கு. இன்று உலகமெங்கும் அந்நோய்க்கு முதலில் எழுதப்படும் மருந்து அது. சுப்பாராவ் 1948இல் இறந்துவிட்டார். மூட்டுக்கு அது பயன்படுவதை அவர் பார்க்கவில்லை.

கோவையில் ஆயுர்வேதத்துக்கு எதிர்த்தட்டில் வைக்கப்பட்டது இந்த மெத்தோட்ரெக்சேட்தான். ஒரு காலத்தில் ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் எடுத்தவரின் மருந்து, ஆயுர்வேதத்தோடு நிறுக்கப்பட நம் பக்கமே திரும்பி வந்தது.

பி.ஆர். கிருஷ்ணகுமார் ராம வாரியரின் மகன். 1951இல் பிறந்தவர். தந்தைக்குப் பின் நிறுவனத்தை நடத்தினார். மருந்து விற்பதோடு நின்றிருந்தால் அவர் நல்ல தொழிலதிபராகப் பெயர் எடுத்திருப்பார், அவ்வளவுதான். அவர் மூன்று காரியங்களில் கை வைத்தார். குருகுல முறையில் ஏழரை ஆண்டு தங்கிப் படிக்கும் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றைக் கோவையில் உருவாக்கினார்; வழக்கமான பட்டப்படிப்பு பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுதான். 1981இல் 'ஏன்சியன்ட் சயன்ஸ் ஆஃப் லைஃப்' என்ற ஆங்கில ஆய்விதழ் கோவையிலிருந்து காலாண்டுக்கு ஒருமுறை வெளிவரத் தொடங்கியது. ஆயுர்வேத ஆய்வுக் கட்டுரைக்கு இந்தியாவிலேயே மேடைகள் அரிதாக இருந்த காலம். ஒரு மருந்து நிறுவனத்தின் சூழலிலிருந்து இதழ் வந்ததில் சந்தேகப்பட இடம் உண்டு என்றாலும், அது பல்லாண்டு நின்று நிலைத்தது. இன்றும் அதன் பழைய இதழ்களை இணையக் காப்பகத்தில் யாரும் படிக்கலாம்.

மூன்றாவது, ஆய்வு. 1977இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் உலகச் சுகாதார நிறுவனமும் பின்னால் நிற்க, முடக்குவாதத்துக்கான ஆயுர்வேத சிகிச்சை பற்றிய நீண்ட ஆய்வு கோவையில் தொடங்கியது. பாரம்பரிய மருத்துவத்தின் பக்கம் உலகச் சுகாதார நிறுவனம் திரும்பிப் பார்த்த காலம் அது. அடுத்த ஆண்டு அல்மா-ஆட்டா பிரகடனம் பாரம்பரிய வைத்தியர்களுக்கும் அடிப்படை மருத்துவத்தில் இடம் உண்டு என்று எழுதியது. கோவை ஆய்வு ஏழாண்டு நடந்தது. நோயாளிகளை மருத்துவமனையில் தங்கவைத்து, ஆயுர்வேத முறைப்படியே முழுமையாகச் சிகிச்சை கொடுத்து, முன்னும் பின்னும் பதிவு செய்தார்கள். பலருக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் ஒப்பிட இன்னொரு பாத்தி இல்லை. முடக்குவாதம் தானாகவே ஏறி இறங்கும் நோய். வலி உச்சத்தில் இருக்கும்போது வைத்தியரிடம் வருகிறவர், சில மாதத்தில் எதைச் சாப்பிட்டாலும் ஓரளவு தேறவே செய்வார். அந்தத் தேற்றத்தில் எவ்வளவு மருந்தால், எவ்வளவு காலத்தால் என்று பிரித்துச் சொல்ல ஒற்றைக் குழு போதாது.

இங்கேதான் ஆயுர்வேத உலகம் இரண்டாகப் பிரிந்து நின்றது. இன்றும் நிற்கிறது. ஒரு தரப்பின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதல்ல: ஆங்கில மருந்தைச் சோதிக்கும் முறை, ஒரு நோய்க்கு ஒரு மருந்து என்ற கணக்குக்காக வகுத்தது. வைத்தியரோ ஒரே சரவாங்கிக்கு இருவருக்கு இரண்டு கஷாயம் கொடுப்பார். ஒருவருக்கு ஜீரணம் மந்தம், அதை முதலில் சரிசெய்ய வேண்டும். இன்னொருவருக்கு உடம்பு சூடு, அதே மருந்து ஆகாது. மாதம் போனால் மருந்தையே மாற்றுவார். எல்லோருக்கும் ஒரே புட்டியைக் கொடுத்துச் சோதித்தால் சோதிக்கப்பட்டது ஆயுர்வேதமே இல்லை என்பார்கள். எதிர்த்தரப்பு கேட்டது இன்னும் எளிமையான கேள்வி: அப்படியானால் உங்கள் மருந்து வேலை செய்கிறதென்று யாருக்கும் எப்போதும் நிரூபிக்க முடியாது என்கிறீர்களா?

கோவை ஆய்வு இந்த முடிச்சை அவிழ்த்த விதம் அழகானது. 43 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் மூன்று குழு. ஒரு குழுவுக்கு அசல் ஆயுர்வேத மருந்தும் போலி மெத்தோட்ரெக்சேட்டும். இரண்டாவதுக்கு அசல் மெத்தோட்ரெக்சேட்டும் போலி ஆயுர்வேத மருந்தும். மூன்றாவது குழுவுக்கு இரண்டுமே அசல். யாருக்கு எது போகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. ஆயுர்வேத வைத்தியர் தன் முறைப்படியே நாடி பார்த்து, உடல்வாகு பார்த்து, ஆளுக்கு ஏற்ற மருந்தை எழுதினார், தேவைப்பட்டால் மாற்றினார். அவர் எழுதியது நோயாளி கைக்குப் போகும்போது அசலாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். வைத்தியரின் சுதந்திரத்தில் கை வைக்கவில்லை. அவர் கண்ணை மட்டும் கட்டினார்கள். இது நடக்க வேண்டுமென்றால் வைத்தியர் எழுதக்கூடிய மருந்துகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு போலி தயாராக இருந்தாக வேண்டும். தொடக்கத்தில் சொன்ன போலிக் கஷாயத்தின் தேவை இங்கேதான் வந்தது.

36 வாரம் கண்காணித்தார்கள். கை, மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால் என 28 மூட்டுகளில் வீக்கமும் வலியும் எத்தனை, இரத்தத்தில் அழற்சி எவ்வளவு என்று கூட்டி ஒரே எண்ணாக்கும் அளவுகோல் முடக்குவாத ஆய்வில் பொதுவழக்கு, இங்கும் அதுவே. 2011இல் 'ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ருமட்டாலஜி' இதழில் முடிவு வந்தது. மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. பக்கவிளைவுகளின் எண்ணிக்கை ஆயுர்வேதம் மட்டும் எடுத்துக்கொண்ட குழுவில் குறைவாக இருந்தது. அதே ஆண்டு இன்னொரு முன்னணி மூட்டுநோய் இதழில், ஆயுர்வேத மருந்துகளையும் இப்படிப் போலியோடு ஒப்பிட்டுச் சோதிக்க முடியும் என்று அந்தக் குழுவே தனிக் குறிப்பும் எழுதியது.

செய்தி இந்தியாவுக்கு எப்படி வந்தது என்று ஊகிப்பது கடினமல்ல. ஆயுர்வேதம் ஆங்கில மருந்துக்குச் சமம், பக்கவிளைவும் குறைவு! விளம்பரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆய்வை எழுதியவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அது ஒரு முன்னோட்டம் என்று தலைப்பிலேயே எழுதியிருந்தார்கள். குழுவுக்குப் பன்னிரண்டு முதல் பதினேழு பேர். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியவில்லை என்றால், வித்தியாசம் இல்லை என்று பொருளாகாது. இருந்தாலும் கண்ணில் பட்டிருக்காது என்றுதான் பொருள். அதோடு, எந்த மருந்தும் இல்லாத நான்காவது குழு இதில் இல்லை. முடக்குவாதக்காரரைப் பல மாதம் மருந்தில்லாமல் வைப்பது தர்மம் இல்லை என்பதால் அப்படி ஒரு குழுவை வைப்பதும் எளிதல்ல. ஆய்வு உறுதியாக நிரூபித்தது ஒன்றைத்தான்: ஆளுக்கு ஆள் மாறும் வைத்தியத்தையும், அதன் உயிரை எடுத்துவிடாமல், தராசில் ஏற்ற முடியும். என் மதிப்பீட்டில் அது சிறிய சாதனை இல்லை. நூறாண்டு வாதத்தில் ஒரு தரப்பின் சாக்கும் மறுதரப்பின் ஏளனமும் ஒரே அடியில் விழுந்தன.

அந்த நேரத்தில் ஆயுர்வேதத்துக்கு வெளியே பெயர் கெட்டிருந்ததையும் மறக்கக் கூடாது. 2004இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது: பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்செனிக் இருந்தது. ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்குக் கனஉலோகச் சோதனையை 2006 முதல் இந்திய அரசு கட்டாயமாக்கியது. அப்படிப்பட்ட சூழலில் அமெரிக்க அரசுப் பணத்தில் ஓர் ஆயுர்வேத ஆய்வை நடத்துவதென்றால், மருந்தின் ஒவ்வொரு துளிக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டுக்கே இன்னொரு பாடமும் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் சகாக்களும் கீழாநெல்லியை ஹெபடைடிஸ் பி தொற்றிக்குக் கொடுத்துப் பார்த்து, 1988இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். கட்டுரையில் பெயர் சேர்த்தவர்களில் ஒருவர் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க். கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்தது. போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே நிமிர்ந்து பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் இனம், விளைந்த மண், பறித்த பருவம் என்று விளக்கங்கள் வந்தன. விவாதம் முடிவுக்கு வரவில்லை. சின்ன ஆய்வு ஒன்றை வைத்துக் கொண்டாடுவதற்கு முன் அது இன்னொரு ஊரிலும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதற்கு நம் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

பார்க்காமல் போவதற்கும் உதாரணம் இருக்கிறது. 2012இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரை ஊரெங்கும் வழங்கியது. 2017இல் கமல் ஹாசன் ஆய்வு முடியும்வரை தன் ரசிகர்கள் அதை விநியோகிக்க வேண்டாம் என்று சொன்னபோது பெரிய சண்டையே வந்தது. சண்டையில் அவர் தமிழ் மருத்துவத்துக்கு எதிரியா என்பதைப் பேசினார்கள். லட்சக்கணக்கான பேருக்கு ஒரு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும் அரசு, அதில் ஒரு பகுதியினரையாவது முறையாகப் பின்தொடர்ந்து கணக்கெடுத்திருக்க வேண்டாமா என்பதைப் பேசியவர்கள் குறைவு.

கொங்கு மண்ணிலேயே மருந்துக்கு வேறொரு பாதையும் உண்டு. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் போனால் கம்பிப் பந்தலில் செங்காந்தள் சிவந்து பூத்திருக்கும். மாநில மலர் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். விவசாயிகளுக்கு அது கண்வலிக்கிழங்கு. காய் பிடிக்க வேண்டுமென்று ஆட்கள் பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கையாலேயே தொட்டு வைப்பார்கள். கிழங்கைத் தின்றால் உயிர் போகும். விதையில் கிடைக்கும் கொல்கிசின்தான் கவுட் எனும் மூட்டுவாதத்துக்கு உலகம் கொடுக்கும் மருந்து. 2023இல் அதே கொல்கிசினை மாரடைப்பைத் தடுக்கவும் குறைந்த அளவில் தரலாம் என்று அமெரிக்கா அனுமதித்தது. செடியிலிருந்து ஒரே ஒரு மூலக்கூறைப் பிரித்தெடுத்து, மற்றதை விட்டுவிடும் பாதை இது. விதை விலை ஏறும், இறங்கும். பந்தல் போட்டவருக்குக் கிடைப்பது விதையின் விலை மட்டுமே. கிருஷ்ணகுமாரும் அவர் கூட்டாளிகளும் இந்தப் பாதையில் போகவில்லை. பிரிக்காமல், கஷாயத்தைக் கஷாயமாகவே, வைத்தியரை வைத்தியராகவே வைத்துச் சோதிக்கலாம் என்றார்கள். எந்தப் பாதை சரி என்ற கேள்விக்கு இடமில்லை. முதல் பாதையில் நூறு பேர் போகிறார்கள். இரண்டாவதில் போனவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்.

கிருஷ்ணகுமாருக்கு 2009இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மனையியலுக்கும் பெண் கல்விக்கும் பெயர்பெற்ற கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார். 2020 செப்டம்பர் 16 அன்று, கொரோனா தொற்றுக்குப் பின், 69 நிறைவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது காலமானார். ராம் மனோகர் கேரளத்தில் அமிர்தா ஆயுர்வேதப் பள்ளியின் ஆய்வு மையத்துக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார். ஆய்வுக்குப் பணம் கொடுத்த அமெரிக்க மையம் 2014இன் இறுதியில் 'மாற்று' என்ற சொல்லைத் தன் பெயரிலிருந்து எடுத்துவிட்டு 'ஒருங்கிணைந்த' என்று போட்டுக்கொண்டது.

கோவை ஆய்வின் மூன்று குழுக்களில் எது முக்கியம் என்று கேட்டால், பலரும் முதல் இரண்டைச் சொல்வார்கள். எது ஜெயித்தது என்று அறியத்தான் எல்லோருக்கும் ஆசை. மூன்றாவது குழுவே முக்கியம் என்பது இக்கட்டுரையின் கருத்து. கோவையில் எந்த ஆயுர்வேத, சித்த வைத்தியசாலை வராந்தாவில் அமர்ந்தாலும் காதில் விழும் கேள்வி அதுதான்: "ஏனுங்க, இங்கிலீஷ் மருந்தையும் இதையும் சேர்த்தே சாப்பிடலாமுங்களா?" நம் மக்கள் கேட்டுவிட்டும் சாப்பிடுகிறார்கள், கேட்காமலும் சாப்பிடுகிறார்கள். ஒரு மருத்துவரிடம் போகும்போது மற்றவர் கொடுத்ததை மறைத்துவிடுகிறார்கள், திட்டுவார் என்று. அந்தக் கேள்வியை வராந்தாவிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோய் வைத்ததுதான் கோவைக்காரர்கள் செய்த வேலையில் மிகவும் நம் ஊர்த்தன்மை கொண்டது. பதினேழு பேர் தந்த பதில் தொடக்கம் மட்டுமே. சில நூறு பேரை வைத்து, இரண்டு மூன்று ஊர்களில், ஈரல் சோதனை உட்பட எல்லாவற்றையும் பதிந்து அதைச் செய்து பார்க்கும் ஆய்வுக்கு வேண்டிய வைத்தியர்களும் மருத்துவக் கல்லூரிகளும் கோவையிலேயே இருக்கின்றன. அதற்கான பணத்தை வாஷிங்டனிடம் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. தில்லியும் சென்னையும் ஊர் முதலாளிகளும் சேர்ந்தால் முடிகிற செலவு.

அதுவரை, வீட்டில் யாராவது சரவாங்கிக்கு இரண்டு மருந்தும் எடுத்துக்கொண்டிருந்தால் சிலவற்றை மறக்க வேண்டாம். மூட்டுக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே; தவறுதலாகத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பம் தரிக்க நினைப்பவர் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் சொல்லும் இடைவெளியில் இரத்தமும் ஈரலும் சோதிக்க வேண்டும். கஷாயம் நன்றாகக் கேட்கிறது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். அடுத்த முறை போகும்போது கஷாயப் புட்டியையும் மாத்திரை அட்டையையும் ஒரே பையில் போட்டு இரண்டு மருத்துவரிடமும் காட்டுங்கள். திட்டினால் திட்டட்டும்.